புதுக் கார்: துணி சீட்டா, லெதர் சீட்டா?

கேள்வி: 2025 ஜனவரி 11

அடுத்த மாதம் கார் எடுக்கிறோம். நடு வேரியன்டில் துணி சீட். உச்ச வேரியன்டில் லெதர் சீட், திறக்கும் கூரை, இன்னும் சில சில்லறை வசதிகள். வித்தியாசம் 1,30,000 ரூபாய். மனைவி லெதர்தான் வேண்டும் என்கிறாள். குழந்தைக்கு மூன்று வயது, எதையாவது கொட்டிக்கொண்டே இருப்பான், துணியென்றால் யார் துவைப்பது என்று கேட்கிறாள். லெதர் குளிர் நாட்டுக்காரர்களின் சமாச்சாரம், சென்னை வெயிலுக்கு அதைக் காசு கொடுத்து வாங்குவது முட்டாள்தனம் என்பது என் கட்சி. பெருங்குடி அலுவலகத்தில் கார் நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கும். அம்மாவும் எங்களோடு இருக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: 2025 ஜனவரி 11, இரவு

துணிதான். யோசிக்க ஒன்றுமில்லை.

என்னிடம் இரண்டும் இருந்திருக்கின்றன. 2008 முதல் 2019 வரை பதினொரு ஆண்டு துணி சீட் போட்ட சின்னக் கார். அதன்பின் இன்று வரை லெதர் சீட் போட்ட பெரிய கார். சின்னக் காரை விற்ற அன்று அதன் சீட்டில் ஒரு கிழிசல் கிடையாது. ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் மட்டும் ஏறி இறங்கித் தேய்ந்து பஞ்சுபஞ்சாகப் பூத்திருந்தது. பெரிய காரின் சீட் ஐந்தாம் ஆண்டிலேயே அதே இடத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பித்துவிட்டது. இறங்கினால் வேட்டியில் கறுப்புச் சருகு ஒட்டிக்கொண்டு வரும். இதற்கா 1,30,000?

2025 ஜனவரி 12

கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: நல்ல தோல் இருபது ஆண்டு உழைக்குமே, உங்கள் கார் கம்பெனி ஏமாற்றிவிட்டதா?

ஏமாற்றவில்லை. விளம்பரப் புத்தகத்தில் லெதரெட் என்றுதான் போட்டிருந்தது. அந்தக் கடைசி ‘எட்’டை நான் படிக்கவில்லை. ஆகவே நேற்று எழுதியதில் பாதியைத் திருத்திக்கொள்கிறேன். என் காரில் உரிந்தது தோல் அல்ல, ரெக்சின். நடுத்தர விலைக் கார்களில் லெதர் என்று விற்பனையாளர் வாயால் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

ரெக்சின் என்ற சொல்லே ஒரு வணிகப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் கலவையைப் பூசி, தோலின் வரிகளை அச்சடித்து அந்தப் பெயரில் விற்றார்கள். நம் ஊரில் எந்தச் செயற்கைத் தோலானாலும் அது ரெக்சின்தான். இன்றைக்கு வருவது இரண்டு வகை, பி.வி.சி.யும் பி.யு. என்கிற பாலியூரித்தேனும். பி.வி.சி. இயல்பில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. அது மடங்குவதற்காக எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைக் கலக்கிறார்கள். காருக்குள் வெயில் ஏற ஏற அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்விடும். புதுக் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கம் ஒரு பிசுபிசுப்பான மங்கல் படியுமே, அதில் இதற்கும் பங்குண்டு. மென்மையாக்கி போன பின் சீட் விறைத்து வெடிக்கும். பி.யு. தொடுவதற்குத் தோல் மாதிரியே மெத்தென்று இருக்கும். அதற்கு எமன் ஈரம். காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுக்க, மேல்பூச்சு அடித்துணியை விட்டுக் கழன்று வரும். கடலோர ஊரில், வியர்த்த முதுகோடு நான் நாள்தோறும் அதன்மேல் சாய்ந்தேன். உரியாமல் என்ன செய்யும்?

ஷோரூமில் இரண்டையும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. விற்பனையாளரைக் கேளுங்கள். அவர் ‘பிரீமியம் சார்’ என்பார்.

2025 ஜனவரி 15

குழந்தை கொட்டுவதைப் பற்றி உங்கள் மனைவி சொன்னதற்கு ஒரு பழைய கதை. சின்னக் காரில் திருவண்ணாமலை போய்விட்டுத் திரும்பும்போது, தூக்குவாளி மூடி திறந்துகொண்டு பின்சீட்டில் சாம்பார் கொட்டியது. வெளிர் சாம்பல் நிறத் துணி. வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கும் சோப்பைக் கரைத்துத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை கண்முன்னே இரத்தச் சிவப்பாக மாறியது. மனைவி ஓடிவந்து ஏதோ விபத்து என்றே நினைத்துவிட்டாள்.

ஆரத்தி கரைத்தவர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதல்லவா, சோப்பும் சுண்ணாம்பும் இந்த விஷயத்தில் ஒரே குலம். இரண்டும் காரம். பச்சைத் தண்ணீரால் நாலு முறை ஒற்றி எடுத்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபடி, கதவுகளைத் திறந்து வைத்து அந்த இடத்தில் வெயில் படும்படி காரைத் திருப்பி நிறுத்தினேன். நாலைந்து நாளில் கறை வெளுத்துவிட்டது. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. வெள்ளை வேட்டியில் மஞ்சள் பட்டால் வெயிலில் உலர்த்துவதும் இதற்குத்தான்.

போகாத கறை ஒன்று உண்டு. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். தலைசாய்க்கும் இடத்தில் வட்டமாக, மங்கலாக, ஒரு பிறைச் சந்திரன். முகப்பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டால் புதுக்கறையின் எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சும். பழசு பழசுதான்.

2025 ஜனவரி 19

காணும் பொங்கலுக்கு ஆம்பூர் போயிருந்தேன். அக்காள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், முப்பது ஆண்டுகள் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விவாதத்தை அவரிடம் சொன்னேன். என் காருக்கு வந்து சீட்டை நகத்தால் கீறி, முகர்ந்து, “மச்சான், இதில் மாடும் இல்லை, ஆடும் இல்லை” என்றார்.

அவர் சொன்ன சோதனை எளிது. சீட்டின் அடிப்பக்கம் தையல் முடியும் இடத்தில் ஓரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் பின்னல் துணி தெரிந்தால் ரெக்சின். தோலென்றால் பின்புறம் வெல்வெட் மாதிரி இழை இழையாக இருக்கும். வெட்டுத் துண்டு கிடைத்தால் ஒரு நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் வாசனை வந்தால் தோல், பிளாஸ்டிக் நாறினால் ரெக்சின். ஷோரூமில் தீப்பெட்டி எடுக்காதீர்கள்.

உண்மையான தோல் போட்ட கார்களிலும் முழுக்கத் தோல் இருப்பது அபூர்வமாம். முதுகும் பின்புறமும் படும் நடுப்பகுதி மட்டும் தோல், பக்கங்களும் சீட்டின் பின்புறமும் நிறம் பொருத்திய ரெக்சின். அதை மறைக்கவில்லை, விளம்பரப் புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் உடைத்தார். தோல் சீட்டுக்கு மாதாமாதம் கிரீம் பூசிப் ‘போஷாக்கு’ கொடுக்க வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கார் சீட்டுக்கான தோலின்மேல் நிறமும் அதன்மேல் பி.யு. பூச்சும் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். கிரீம் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போவது அரிது. பளபளப்பதற்குக் காசு. ஈரத் துணியால் தூசியைத் துடைத்தால் போதும், மணல் தூசிதான் உப்புத்தாள் மாதிரி உட்காரும்போதெல்லாம் அராவுகிறது என்றார். நான் ஆறு ஆண்டுகளாக ரெக்சினுக்குத் தோல் கிரீம் பூசியிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பேச்சு வேறு பக்கம் போனது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலம், குரோமியம் வந்த பின் நாள்கணக்கு குறைந்த கதை, பாலாற்றுக் கிணறுகளில் தண்ணீர் கெட்ட கதை. 1996-இல் தோல் ஷாப்களின் கழிவுநீரைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவருடைய ஷாப் பல மாதம் மூடிக் கிடந்தது. அக்காள் நகை அடகுக்குப் போனது அப்போதுதான். “நீங்கள் காரில் தோல் வாசனை வேண்டும் என்கிறீர்கள். எனக்கு ஊரே அந்த வாசனை” என்றார். அவர் வைத்திருக்கும் பழைய காரில் துணி சீட்.

2025 பிப்ரவரி 2

முகூர்த்த நாள். காஞ்சிபுரத்தில் கல்யாணம். பின்சீட்டில் அத்தை, பட்டுப் புடவை. ரெக்சினும் பட்டும் சேர்ந்தால் சறுக்குமரம். ஒவ்வொரு பிரேக்குக்கும் அத்தை முன்சீட்டின் முதுகில் வந்து மோதுகிறார். பெல்ட் போடுங்கள் என்றால் புடவை கசங்கும் என்கிறார். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

துணிக்கு இன்னொரு மதிப்பெண். துணி ஆளைப் பிடித்து வைக்கும்.

2025 பிப்ரவரி 9

“துணி வேரியன்டை வாங்கி, வெளியே பாதி விலைக்கும் குறைவாக லெதர் கவர் போட்டுக்கொண்டால் என்ன?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அண்ணாசாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குள் திரும்பினால் அதற்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. டயமண்ட் தையல், இரட்டை நிறம், தேன்கூடு, கட்சிக் கொடியின் நிறத்தில்கூடக் கிடைக்கும். கை வேலை நன்றாகவே இருக்கும்.

ஆனால் முதலில் உங்கள் முன்சீட்டின் வெளிப்பக்கத் தோள் ஓரத்தைப் பாருங்கள். ஏர்பேக் என்று எழுதிய ஒரு சின்னத் துணிப் பட்டை தைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள் இருக்கிறது. மோதினால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தையலைக் கிழித்துக்கொண்டு கதவுக்கும் உங்களுக்கும் நடுவே விரிய வேண்டும். கம்பெனித் தையலில் அந்த இடம் மட்டும் கிழிவதற்கென்றே தைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் கனத்த ரெக்சினை இறுக்கி மாட்டினால் பை தாமதமாக விரியலாம், கோணலாக விரியலாம், விரியாமலே போகலாம். ஏர்பேக்குக்கு இடம் விட்டுத் தைக்கும் கவர்களும் உண்டு. கடைக்காரர் கத்தியால் ஒரு கீறல் போட்டு “ஏர்பேக் கட்டிங் சார்” என்று காட்டினால் அது அந்த வகை அல்ல.

எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் காட்டினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை திரும்பிப் போய்க் கழற்றச் சொன்னேன். பணம் போனது போனதுதான்.

2025 பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “பத்து ஆண்டாகக் கவர் போட்டு ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்கிறார். பத்து ஆண்டாக மோதவில்லை என்று பொருள். மகிழ்ச்சி.

2025 பிப்ரவரி 23

வெள்ளத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று ஒருவர் நினைவூட்டினார். மடிப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு நானே மறந்திருக்கக் கூடாது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் ரெக்சின் காரிலும் எதிர்வீட்டுக்காரரின் துணி சீட் காரிலும் சீட்டின் உட்காரும் பகுதி முழுகியது. தண்ணீர் வடிந்ததும் நான் சீட்டைத் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் சொதசொதவென்று இருந்த சீட்டைப் பார்த்து இடிந்து போனார். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் மெக்கானிக்கை வரவழைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, சீட்டுக்கடியில் போகும் மஞ்சள் நிற ஏர்பேக் இணைப்புகளைப் பக்குவமாகப் பிரித்து, சீட்டுகளை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்விட்டார். ஒரு வாரத்தில் காய்ந்து, கொஞ்சம் சேற்று வாசனையோடு, திரும்ப வந்தன. என் சீட் மேலே காய்ந்துதான் இருந்தது. மூன்றாம் வாரம் உட்கார்ந்தபோது தையல் ஓட்டைகள் வழியாக ஈரம் கசிந்து வேட்டியை நனைத்தது. தையல் வழியே உள்ளே போன தண்ணீரை ஃபோம் குடித்து வைத்திருந்திருக்கிறது. ரெக்சின் மூச்சுவிடாது, வெளியே வர வழியில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை. புது ஃபோம் போட்டுத் தைக்க நாலு நாள் கடையில் கிடந்தது கார்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினோம். எனக்கு முன்னால் அவர் கார். அங்கே துணி, தோல் பேதமெல்லாம் இல்லை.

2025 மார்ச் 16

நான்கு வாரங்களாக ஒரு விஷயத்தை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். துணிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்ததில் அது குறுக்கே நின்றது.

அப்பாவுக்கு 2021 முதல் 2022 கடைசி வரை டயாலிசிஸ். வாரம் மூன்று நாள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் இந்தக் காரில்தான் போய்வந்தோம். அவருக்கு முழங்கால் மடங்காது. காரில் ஏறுவதே பெரிய காரியம். முதலில் பக்கவாட்டில் சீட்டின் ஓரத்தில் உட்காருவார், பிறகு நான் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து உள்ளே திருப்புவேன். ரெக்சின் என்பதால் அவர் அப்படியே சுழன்று நேராகிவிடுவார். அத்தையை வழுக்கிவிட்டது என்று பிப்ரவரியில் நான் கிண்டலடித்த அதே வழுக்கல்தான். ஒருமுறை கார் பட்டறையில் இருந்ததால் நண்பரின் காரில் கூட்டிப்போனேன். துணி சீட். வேட்டி துணியோடு பிடித்துக்கொண்டு அவர் பாதியில் நின்றுவிட்டார். இழுக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. பின்னால் ஆம்புலன்ஸ் ஒலி எழுப்பிக்கொண்டு நிற்கிறது. “விடுடா, இப்படியே போகலாம்” என்றார்.

திரும்பும் வழியில் வாந்தி வரும் நாட்கள் உண்டு. கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு நழுவி இரத்தம் வந்த நாளும் ஒன்று உண்டு. ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தால் சீட் சுத்தம். அவர் என்னைவிட அதைத்தான் கவனிப்பார். துடைத்து முடித்ததும் “கறை போயிற்றா?” என்று கேட்பார். போய்விட்டது அப்பா என்றால்தான் கண்ணை மூடுவார். துணி சீட்டாக இருந்து கறை நின்றிருந்தால் அடுத்த நாள் அவர் காரில் ஏறச் சம்மதித்திருக்க மாட்டார். அவர் சுபாவம் அப்படி.

ஆகவே ஜனவரி 11 இரவு எழுதிய ‘யோசிக்க ஒன்றுமில்லை’ என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். கேள்வி கேட்டவர் அம்மா கூட இருக்கிறார் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நான் அன்று தாண்டிப் போய்விட்டேன். அவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

2025 மார்ச் 17

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். அவருடைய அம்மா தினமும் காலை ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாராம். முழங்காலுக்கு ஒன்றுமில்லையாம். என் முழங்காலைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

கார் இன்னும் வரவில்லை. காத்திருப்புப் பட்டியல்.

2025 ஏப்ரல் 13

கார் வரும்வரை வேறு கதை.

பழைய காலத்து இங்கிலாந்தின் பெரிய கார்களில் ஓட்டுநர் உட்காரும் முன்பகுதிக்குத்தான் தோல். அந்தப் பகுதி மழைக்கும் வெயிலுக்கும் திறந்திருக்கும், தோல் தாங்கும். பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் முதலாளிக்கு மெல்லிய கம்பளித் துணி. அதாவது தோல் வேலைக்காரனுக்கு, துணி எஜமானுக்கு. எப்போது தலைகீழானது என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் இன்னும் பழைய கணக்குதான். அரசக் குடும்பமும் பிரதமர்களும் ஏறிய டொயோட்டா செஞ்சுரியில் கம்பளி சீட் போடுவார்கள். தோல் உரசினால் கிறீச்சிடும், துணி சத்தம் போடாது என்பது அங்கே ஒரு மரியாதை.

நம் ஊரில் எஜமானுக்கு வெள்ளைத் துண்டு. அம்பாசடரின் பின்சீட்டில் விரித்த துண்டைப் பார்த்தாலே உள்ளே வருவது கலெக்டரா தாசில்தாரா என்று தெருவில் பேச்சு எழும். 2014-இல் அந்தக் கார் உற்பத்தி நின்றுவிட்டது, துண்டு மட்டும் புதுக் கார்களுக்கு இடம் மாறிவிட்டது. எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தேன். ரெக்சின் சீட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதன்மேல் பருத்தித் துண்டு விரித்திருக்கிறார்கள், நான் உட்பட. துணி சீட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதன்மேல் ரெக்சின் கவர் மாட்டியிருக்கிறார்கள்.

2025 மே 11

கத்திரி தொடங்கி ஒரு வாரம். இந்த விவாதத்தின் முதல் கேள்வியே வெயில்தான், அதற்கு இதுவரை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மதியம் ஒரு மணிக்கு என் காரையும் எதிர்வீட்டுக்காரரின் காரையும் அருகருகே வெயிலில் நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம். இரண்டும் கறுப்பு சீட். ரெக்சினில் மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். துணியில் பத்து வரை எண்ண முடிந்தது, சுகமாக இல்லை, ஆனால் முடிந்தது.

துணி குளிர்ந்திருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே நிறம், ஒரே வெயில் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கொதிக்கும். வழவழப்பான ரெக்சின் கையோடு முழுப் பரப்பும் ஒட்டும், சூடு அப்படியே கைக்கு இறங்கும். துணியில் கை படுவது நூலின் மேடுகளில் மட்டும், இடையில் காற்று. வறுத்த கடலையைக் கையில் ஏந்தலாம், அதே சட்டியைத் தொட முடியாது, அந்த மாதிரி. ஆனால் இந்த வித்தியாசம் ஏ.சி. போட்ட முதல் ஐந்து பத்து நிமிடங்களுக்குத்தான். அப்புறம் ரெக்சின் சீக்கிரம் குளிர்ந்தும்விடுகிறது. ஆனால் முதுகு வியர்த்தால் வியர்வை போக இடமில்லாமல் சட்டை ஒட்டிக்கொள்ளும். திருச்சி வரை ஓட்டினால் இது தெரியும், அலுவலகம் வரை ஓட்டினால் தெரியாது.

நிறமும் பாதி விஷயம். வெளிர் நிறம் குறைவாகச் சுடும். வெளிர் நிற ரெக்சினில் புது ஜீன்ஸின் நீலம் ஒட்டிக்கொண்டு போகாது. எதைத் தின்றால் பித்தம் தெளியும்?

காற்றோட்ட சீட்டைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். சீட்டுக்குள் சிறு காற்றாடி, மேலே பொடித் துளைகள். 2017-இல் ஹூண்டாய் வெர்னாவில் முன்சீட்டுகளுக்கு வந்த பின் நம் ஊர் நடுத்தரக் கார்களில் பரவியது. எதிர்வீட்டுக்காரரின் மகன் காரில் உட்கார்ந்து பார்த்தேன். ரெக்சினின் பெரிய குறையான முதுகு வியர்வையை அது உண்மையாகவே தீர்க்கிறது. லெதரெட்டுக்குக் காசு கொடுப்பதென்றால் இதோடு சேர்த்துக் கொடுக்கலாம், இது இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்பது இன்றைய என் நிலை. துளைகளில் பிஸ்கட் தூள் அடையும். மேலே துண்டு விரித்தால் காற்று வராது. துண்டு விரிக்காமல் இருக்க நம்மால் முடியுமா என்பது தனிக் கேள்வி.

குளிர் நாட்டுக்காரன் சமாச்சாரம் என்று முதலில் எழுதினீர்களே. 1997-இல் இந்தக் காற்றோட்ட சீட்டைத் தன் 9-5 காரில் முதலில் கொடுத்தது சாப் கம்பெனி. ஸ்வீடன்காரர்கள்.

2025 மே 12

காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம், பை ஓட்டை, நேற்று மாலை, பின்சீட். துடைத்துவிட்டேன். ரெக்சினுக்கு ஒரு மதிப்பெண். தையலுக்குள் போயிருக்குமோ என்றுதான் பயம்.

2025 மே 15

போயிருக்கிறது.

2025 ஜூன் 29

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மே கடைசியில் கார் வந்துவிட்டது. நடு வேரியன்ட், துணி சீட். மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு மனைவியின் வளையலாகிவிட்டதால் வீட்டில் சமாதானம். ஷோரூமில் ‘அன்பளிப்பு’ என்று ஒப்படைப்பதற்கு முந்தைய நாளே ரெக்சின் கவர் மாட்டிவிட்டார்களாம். பிப்ரவரி 9 குறிப்பு நினைவுக்கு வந்து தோள் ஓரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். ஏர்பேக் பட்டை கவருக்கு அடியில். அங்கேயே நின்று கழற்ற வைத்திருக்கிறார். நல்ல வேலை. அந்தக் கவரை அவருடைய அம்மா வீணாக்க மனமில்லாமல் ஊஞ்சல் பலகைக்குப் போட்டுவிட்டாராம்.

சரி, துணி சீட் வெயிலில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதை இன்னும் சொல்ல முடியாது என்கிறார். கம்பெனியிலிருந்து வந்த பாலிதீன் உறை இன்னும் சீட்டின்மேல்தான் இருக்கிறதாம். குழந்தை கொட்டுகிறானாம், புதுசு அழுக்காகிவிடுமாம், ஆடி போகட்டும் என்று அம்மா சொல்கிறாராம்.

ஐயா, அதைக் கழற்றுங்கள். அடியில் வியர்வை தேங்கி, மழைக்காலம் வருவதற்குள் துணியில் கறுப்புப் புள்ளி விழும். என் சின்னக் காரில் விழுந்தது. ஜனவரியில் ‘ஒரு கிழிசல் கிடையாது’ என்று எழுதினேனே, புள்ளிகளைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன்.